முதலாம் ஆண்டு மூளை

ஜூனில் கல்லூரி சேர்ந்த பிள்ளை தீபாவளிக்குள் ஆளே மாறிவிட்டது என்பார்கள் வீட்டில். தூங்கும் நேரம் மாறியிருக்கும். பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தோரணை மாறியிருக்கும். ‘காலேஜ் காத்து’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கிரேக் பென்னட், அபிகெயில் பேர்ட் இருவரும் அந்தக் காற்றை ஸ்கேன் எடுத்தே பார்த்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. சொந்த ஊரிலிருந்து 100 மைலுக்கு அப்பால் வந்து சேர்ந்த 19 முதலாண்டு மாணவர்கள். சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கேன், சுமார் ஆறு மாதம் கழித்து இன்னொன்று. மூளையின் சிங்குலேட், இன்சுலா, காடேட் ஆகிய பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. உடம்புக்குள் எழும் உணர்ச்சியையும் வெளியே நடப்பதையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவும் பகுதிகள் இவை. 25 வயதைத் தாண்டியவர்களிடம் இப்படி மாற்றம் தெரியவில்லை. ஆனால், கல்லூரிக்கே போகாத அதே வயதுக்காரர்களை அவர்கள் ஒப்பிடவில்லை. மாற்றியது கல்லூரியா, வயதா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது அந்த 100 மைல்தான். மதுரையில் முதலாண்டுப் பிள்ளைகள் பலர் அன்றாடம் வீடு திரும்புகிறவர்கள். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அங்கே இறங்கி, டவுன் பஸ் பிடித்துக் கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டினால்தான் முதல் மணிநேர வகுப்பு. பகலில் மைக்ரோ எகனாமிக்ஸ், ராத்திரி அதே தெரு, அதே அதட்டல். ஹாஸ்டல்காரர் ஒருமுறை ஊர் மாறுகிறார். டே ஸ்காலர் தினமும் இரண்டு முறை மாறுகிறார். இது லேசான வேலை இல்லை.

உடம்பின் கடிகாரமும் இந்த வயதில் ஒத்துழைப்பதில்லை. பதின்வயதில் தூங்கும் நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய், 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் முன்னுக்கு வருகிறது. ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் காட்டியது இது. ஆறரை மணி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற பையனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தைவிடப் பெரிய பாரம் வேறொன்று. பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்த பெண், முதல் வாரம் ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ‘எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டுந்தான் புரியல’ என்று நினைக்கிறாள். பக்கத்து பெஞ்சும் அதையே நினைப்பது அவளுக்குத் தெரியாது. அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் கைவைத்தது இந்த இடத்தில்தான். ‘எங்களுக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியானது’ என்ற சீனியர்களின் அனுபவங்களைப் புதியவர்களிடம் படிக்கக் கொடுத்து, தங்கள் அனுபவத்தையும் எழுதவைத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறி, வெள்ளையர்களோடு இருந்த இடைவெளி பாதியானது.

மந்திரம்போலத் தெரிகிறதா? 2023இல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தபோது, தங்கள் சமூகப் பிரிவு மாணவர்கள் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே வழியிருந்த கல்லூரிகளில்தான் பலன் கிடைத்தது. வழியில்லாத இடத்தில் ‘சரியாகிவிடும்’ என்ற வார்த்தை எடுபடவில்லை.

அந்த வழியில் ஒரு பகுதியைத் தமிழக அரசு போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இதெல்லாம் பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே ஒட்டவைப்பது கல்லூரியின் வேலை. தமிழ் மன்றமோ நாடகக் குழுவோ சாயங்காலம் நாலரைக்குக் கூடினால் மேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எப்படி இருப்பார்? மதிய இடைவேளைக்கு மாற்றிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸில் ஒரு மணி நேரத்தை எடுத்து, அதே பஸ்ஸில் வந்துபோகும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் கொடுக்கலாம். தமிழிலேயே பேசட்டும்.