ஆறு மணிக்குப் பிறகு கல்லூரியில்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் தனியாக இருப்பதுதான் கஷ்டம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் விடியும்வரை ஆள் நிரம்பியிருக்கும். டீக்கடை, சுக்குக் காபி வண்டி, போலீஸ் பந்தோபஸ்து, மருத்துவ முகாம் எல்லாம் விழித்திருக்கும். அதே ஊரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்கு, ஊர் எல்லையைத் தாண்டிய கல்லூரி ஒன்றின் மூன்றாவது மாடி லேபில் விளக்கு எரிந்தால், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்.

இப்படி இருட்டிய பிறகும் கல்லூரியில் இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இரவு என்பது ஒரு ஷிஃப்ட். வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி, ஆரணியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள் என்று பட்டியல் நீளும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது என்றால் பேராசிரியர்களே ஃபைல்களோடு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். ஹாஸ்டல் சமையல்கூடத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வருகிறவர்கள், ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்க வருகிற பெண்கள், வாட்ச்மேன் ஆகியோரை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் கேமரா, விசில், மிளகாய் ஸ்ப்ரே என்றுதான் பேச்சு போகிறது. நடந்த சம்பவங்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவர் எங்கே இருக்கிறார், எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்பது பொறுப்பான இன்னொருவருக்குத் தெரியாமல் போன இடத்தில்தான் ஆபத்து நுழைந்திருக்கிறது.

2024 டிசம்பர் 23 அன்று சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அது நள்ளிரவு அல்ல, இரவு எட்டு மணி வாக்கில். ஊர் நடுவே, கேமராக்களும் காவலாளிகளும் உள்ள வளாகம். குற்றவாளி பல்கலைக்கழக ஊழியர் அல்ல. வெளியே பிரியாணிக் கடை நடத்தியவர். செல்போனில் வீடியோ எடுத்திருப்பதாக மிரட்டினார். வீடியோவைக் காட்டி மிரட்டுபவன், நீங்கள் பயந்து வாயை மூடிக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மிரட்டுகிறான். அந்த மாணவி வாயை மூடிக்கொள்ளவில்லை, மறுநாளே புகார் கொடுத்தார். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் தண்டனை. ஐந்தே மாதம். நம் நாட்டு வழக்குகளில் இது அபூர்வம்.

அதற்கு முன் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஓய்வறை என்று முறையான ஒன்று இல்லாததால் கிடைத்த இடத்தில் படுத்தவர். பெண்களுக்கு இரவுப் பணியைக் கூடுமானவரை தவிர்க்கலாம் என்று மேற்கு வங்க அரசு அடுத்த சில நாளில் யோசனை சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, பெண்களை இரவுப் பணி செய்யாதீர்கள் என்று சொல்ல முடியாது என்றது. ‘ஆறு மணிக்கு மேல் பொம்பளைப் பிள்ளைக்கு லேபில் என்ன வேலை’ என்று கேட்கும் துறைத் தலைவர்கள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆபத்து மனிதர்களால் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2011 ஏப்ரலில், இரவில் இயந்திரக்கூடத்தில் தனியாக வேலை செய்த மாணவி ஒருவர் லேத்தில் தலைமுடி சிக்கி இறந்தார். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் சுவிட்சை அணைத்திருப்பார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பர் 5 அன்று வாயு வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் உயிரிழந்தார், அது பட்டப்பகல். இரவில், மாடியில் வேறு யாரும் இல்லாதபோது நடந்தால் காயம்பட்டவரைத் தூக்கக்கூட ஆள் கிடையாது.

ஆகவே வேலைகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கணினியில் தட்டச்சு, படிப்பு, விடைத்தாள் திருத்துவது, தரவு சரிபார்ப்பது இவற்றைத் தனியாகச் செய்யலாம். அமிலம், எளிதில் தீப்பற்றும் கரைப்பான், வாயு சிலிண்டர், உயர் மின்னழுத்தம், சுழலும் இயந்திரம் இவற்றை ஆறு மணிக்கு மேல் தனியாகத் தொடக் கூடாது, வழிகாட்டிப் பேராசிரியரே அவசரம் என்று சொன்னாலும். நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனால் ஃப்யூம் ஹுட்டின் விசிறி நிற்கும், புகை உங்கள் முகத்துக்கு வரும். அப்படி நின்றால் பர்னரை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், இருட்டில் எதையும் மூடி வைக்கத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. லிஃப்டையும் இரவில் தவிர்த்துவிடுங்கள். நடுவில் நின்றால் உள்ளே சிக்னலும் கிடைக்காது, குரல் கேட்க ஆளும் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது பூட்டு. இரவு எட்டானால் வாட்ச்மேன் கீழ்த்தளத்து மடக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு மெயின் கேட்டுக்குப் போய்விடுவார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், ‘போன் பண்ணும்மா, வந்து திறக்கிறேன்’ என்பார். தீப்பிடித்தால் அவர் வந்து திறக்கும்வரை யாரால் காத்திருக்க முடியும்? உள்ளே ஆள் இருக்கும் கட்டடத்தை வெளியிலிருந்து பூட்டக் கூடாது. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே இருப்பவர் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும். இதில் வாட்ச்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர், பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர், கையில் ஒரு கம்பு. நல்ல டார்ச்சும், அவருடைய போனுக்கு ரீசார்ஜும், உள்ளே இருப்பவர்கள் பட்டியலும் கொடுத்தாலே அவர் வேலை பாதி நடக்கும்.

மலையும் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர் என்பதால் பாம்பையும் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதன் கடி பெரிதாக வலிக்காது, அதனாலேயே பலர் பூச்சி என்று விட்டுவிடுகிறார்கள். லேபிலிருந்து ஹாஸ்டலுக்குப் புல்வெளியில் குறுக்கே நடக்காதீர்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள், செல்போன் டார்ச்சைத் தரையில் அடியுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்துதான் சிகிச்சை.

வீடு திரும்பும் வழியைக் கிளம்பும்போது யோசிக்கக் கூடாது, காலையிலேயே யோசிக்க வேண்டும். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடுவார்கள், வழக்கமான டவுன் பஸ் வழக்கமான இடத்தில் நிற்காது. அன்று மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது உத்தமம். மற்ற நாட்களில் ஆட்டோ ஏறினால் வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், அதை ஓட்டுநருக்குத் தெரியும்படியே செய்யுங்கள். அவர் தப்பாக நினைக்கமாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

அவசர எண் 112, பெண்களுக்கு 181, தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி ஆகியவை போனில் இருக்கட்டும். ஆனால் காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும் கவலை விட்டது என்று எழுத இந்த ஊரில் எனக்கு மனம் வரவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் இதே திருவண்ணாமலைப் புறவழிச்சாலையில், ஆந்திராவிலிருந்து சரக்கு வாகனத்தில் வந்த இளம்பெண்ணை இரவு ரோந்தில் இருந்த இரண்டு காவலர்கள் வன்கொடுமை செய்ததாகக் கைதானார்கள், பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். எனவே சட்டம் தரும் பிடிமானத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்தபின் விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது; அப்போதும் பெண் காவல் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்குப் பெண்ணை அவர் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்ல முடியாது. தனியாக வா என்று யார் கூப்பிட்டாலும் போகாமல், வெளிச்சமான இடத்தில் நின்றுகொண்டு 112-ஐ அழைத்து அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெயரை வெளியிடுவது குற்றம். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தருமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. சீண்டல், ஆபாசப் பேச்சு, வழிகாட்டியின் தொந்தரவு என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு. கல்லூரி பஸ்ஸில் நடந்தாலும் அது பணியிடத்தில் நடந்ததாகவே கருதப்படும்.

இனி நிர்வாகத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளைப் பல முதல்வர்கள் கோப்பில் வைத்திருக்கிறார்கள், படித்தவர்கள் குறைவு. நூலகத்திலும் லேபிலும் நேரமாகிவிடுகிறவர்களுக்கு நம்பகமான போக்குவரத்து, போதிய வெளிச்சம், பெண் காவலாளிகள் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது அது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கேட்டை ஆறு மணிக்கு மூடுவதில் செலவில்லை, பஸ் விடுவதில் செலவு இருக்கிறது. எது நடக்கிறது என்பதற்கு அதுதான் காரணம்.

பெரிய செலவில்லாத ஒன்றையாவது உடனே செய்யலாம். உங்கள் துறை வாசலில் இரவுப் பதிவேடு இல்லையென்றால் நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். பெயர், அறை எண், போன், வந்த நேரம், கிளம்பிய நேரம் என்று ஐந்து கட்டம் போதும். பத்து மணிக்குக் கடைசிக் கட்டம் யாருக்காவது காலியாக இருந்தால் ஒருவர் போன் செய்ய வேண்டும், எடுக்கவில்லையென்றால் இருவராக மாடியேறிப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதல்வர் எழுத்தில் உத்தரவாகப் போடட்டும்.