கைகளும் தியானிக்கட்டும்



ஊரில் இருந்த நாட்களில் உங்கள் கைகளுக்கு எத்தனை வேலை இருந்தது! பூத்தொடுத்தீர்கள், ஓலைப்பெட்டி முடைந்தீர்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தீர்கள். மும்பையிலோ தில்லியிலோ ஒற்றையறை வீட்டில் குடியேறிய பின்பு, அந்தக் கைகள் ஓய்வு நேரமெல்லாம் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன அல்லவா?

அதே கைப்பேசியின் வழியாகச் சிலர் ஒன்றுகூடுகிறார்கள். வேதபகுதியைத் தியானித்து, தாங்கள் பெற்றதை ஓவியமாகவோ, கவிதையாகவோ, தையலாகவோ உருவாக்குகிறார்கள். இத்தகைய இணையவழிக் குழுவில் விசுவாசி ஒருவர் சேரலாமா?

கைவேலை ஆவிக்குரியதல்ல என்று எண்ணவேண்டாம். ஆசரிப்புக் கூடாரத்திற்காகப் பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது, பொன்னிலும் மரத்திலும் வேலை செய்வதற்கே (யாத். 31). அவர் தனித்து உழைக்கவில்லை. அகோலியாப் துணைநின்றார், ஞானமுள்ள ஸ்திரீகள் நூல் நூற்றார்கள், பிறருக்குக் கற்பிக்கும் வரமும் அருளப்பட்டது (யாத். 35).

லிலியாஸ் டிராட்டர் (1853–1928) என்னும் ஆங்கிலேயப் பெண்மணியின் ஓவியத் திறமையைப் புகழ்பெற்ற கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கண்டு வியந்தார். அவரோ 1888-இல் மிஷனெரியாக அல்ஜீரியாவுக்குப் புறப்பட்டுச் சென்றார். ஆயினும் தூரிகையைக் கைவிடவில்லை. நாற்பது ஆண்டு ஊழியத்தில், பாலைவனப் பூவையும் விதையையும் உற்றுநோக்கி, அவற்றில் கண்ட சத்தியத்தைத் தம் நாட்குறிப்பேடுகளில் எழுதியும் வரைந்தும் வைத்தார். அந்நிய நிலத்தில் வாழ்ந்தவருக்கு அந்தச் சிறு ஏடு ஜெப அறையாயிற்று.

இக்குழுக்கள் பலவற்றில் பின்பற்றப்படும் முறை பழமையானது. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து மடாதிபதி இரண்டாம் குய்கோ அதை நான்கு படிகளாக விவரித்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவசமுகத்தில் அமர்ந்திருத்தல். இவற்றுக்குப் பின்பே பென்சிலோ ஊசியோ கையில் எடுக்கப்படுகிறது. படம் அழகாயிருப்பதைவிட, வசனத்தோடு நெடுநேரம் தங்கியிருப்பதே முக்கியம்.

சேருமுன் சிலவற்றைச் சோதித்தறியுங்கள். மனதை வெறுமையாக்கச் சொல்லுகிறார்களா, வசனத்தால் நிரப்பச் சொல்லுகிறார்களா? நடத்துகிறவர் யார்? கட்டணம் எவ்வளவு என்பதை முன்னரே தெரிவிக்கிறார்களா? உங்கள் வீட்டு முகவரியையோ பிள்ளைகளின் புகைப்படத்தையோ கேட்டால் கொடாதிருங்கள். பாராட்டுகளை எண்ணி மனம் உயர்வதும் தாழ்வதுமாயிருந்தால், சிலகாலம் விலகியிருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை ஒன்று உண்டு. நல்ல குழு உங்களைத் திரையிலிருந்து எழுப்பி, வேதத்தினிடத்திற்கும் வெள்ளைத்தாளினிடத்திற்கும் அனுப்பிவிடும். திரையின் முன்னேயே உங்களை மணிக்கணக்காய் உட்காரவைக்கும் குழு, தியானம் என்ற பெயரில் வந்த இன்னொரு பொழுதுபோக்கே.

சகோதரியே, பகலெல்லாம் பூட்டிய கதவுக்குள் பேச்சுத்துணையின்றி இருக்கிறீர்களா? சகோதரனே, இரவுப்பணி காரணமாக வாரநாள் ஜெபக்கூட்டத்திற்கு வரமுடியவில்லையா? தூரத்து விசுவாசியின் தோழமை உங்களைத் தேற்றக்கூடும். ஆனால் வியாதிப்படுக்கையில் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் சபையார்தாம். சபை கூடிவருதலுக்கு இணையம் ஈடாகாது (எபி. 10:25).

இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு சங்கீதத்தை மூன்றுமுறை நிதானமாய் வாசியுங்கள். உங்களை நிறுத்திய சொல்லைக் கையால் எழுதி, அருகே ஒரு சிறு படம் வரையுங்கள். அதை முதலாவது உங்கள் குடும்ப ஜெபத்தில் காண்பியுங்கள். உங்கள் பிள்ளையும் ஒரு பென்சிலை எடுக்கட்டும்.