நாணயமும் நாணயமும்



நாம் வாழும் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில், கண்ணாடிப் பேழைகளுக்குள் மெல்லிய வெள்ளிக் காசுகளைக் காணலாம். வட்டம் கோணியும் விளிம்பு தேய்ந்தும் இருக்கும் இக்காசுகளின் பெயர் பென்னி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேர்சியா நாட்டை ஆண்ட ஓஃபா மன்னன் காலந்தொட்டு, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் மக்களிடையே பெரிதும் புழங்கியது இந்த ஒரு காசே. 240 பென்னி ஒரு பவுண் என்ற கணக்கு 1971ஆம் ஆண்டு வரை நிலைத்தது.

இக்காசுகள் எவ்வாறு ஆக்கப்பட்டன? கீழச்சை மரக்கட்டையில் இறுக நாட்டுவர். அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேலச்சைக் கையிற் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஒருபுறம் மன்னனின் தலையும் மறுபுறம் சிலுவையும் பதியும். 'காசு அடித்தல்' என்று நாம் கூறும் வழக்கு இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றது. சில்லறை வேண்டுமாயின், சிலுவைக் கோட்டின் வழியே காசையே இரண்டாகவோ நான்காகவோ வெட்டுவர். நான்கிலொரு பங்கே ஃபாதிங். வட்ட வடிவிலான ஃபாதிங் 1279இல் எட்வேர்ட் மன்னன் காலத்திலேயே பரவலாயிற்று.

காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியில் தங்கியிருந்தது. ஆகவே விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவோர் தோன்றினர். அதனைத் தடுக்க, 1247இல் மூன்றாம் ஹென்றி சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டச் செய்தான். விளிம்பு குறைந்தால் சிலுவையும் குறையும். களவு கண்ணுக்குப் புலப்படும். அக்காலக் காசின் பின்புறத்தில் அதனை அடித்தவனின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். காசு தரங்குறைந்தால் பொறுப்பாளி யாரென உடனே அறியலாம். தண்டனையோ கொடியது. 1124ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், முதலாம் ஹென்றியின் ஆணைப்படி, காசடிப்போர் வின்செஸ்ரர் நகருக்கு அழைக்கப்பட்டு வலக்கை துண்டிக்கப்பட்டனர்.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 1278இல், காசு சுரண்டினர் என்ற குற்றச்சாட்டின் பேரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான யூதர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர், பலர் தூக்கிலிடப்பட்டனர். கிறித்தவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டனராயினும், பெருந்துன்பம் சிறுபான்மையினரையே சூழ்ந்தது. 1290இல் யூதர் யாவரும் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். சிலர் செய்த பிழைக்கு ஒரு சமூகம் முழுவதையும் பழிப்பது எத்துணைக் கேடு என்பதைப் புலம்பெயர்ந்த நாம் நன்கு உணர்வோம்.

1662இல் இயந்திரம் சம்மட்டியின் இடத்தை முற்றாகப் பற்றியது. எனினும் அந்தக் கோணற் காசுகள் இன்றும் பேசுகின்றன. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்பது ஒரு பொருள். நேர்மை என்பது மற்றொன்று. தான் அடித்த காசில் தன் பெயரைப் பொறித்தவனிடம் இவ்விரண்டும் ஒருங்கே எதிர்பார்க்கப்பட்டன. நம் செயல்களிலும் நம் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது என எண்ணி வாழ்வோமாக!