சாட்சிக்கும் நாவலுக்கும் நடுவே ஒரு பேய்

மலேசியாவின் ரவாங், செரண்டா பக்கத்தில் தமிழ்ச் சபைகள் சில கடைவீட்டு மாடியில் நடக்கின்றன. கீழே டயர் கடை, மேலே பிளாஸ்டிக் நாற்காலியும் கீபோர்டும். பாட்டும் ஜெபமும் ஓய்ந்து, “சாட்சி சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?” என்று பாஸ்டர் கேட்டதும் ஓர் அக்கா எழுந்து மைக்கை வாங்குவார். மகளுக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. ரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். இந்த இடத்தில் அக்கா நிறுத்தி ஒரு ஸ்தோத்திரம் சொல்வார். வாசற்படிக்கு அடியில் என்ன கிடைத்தது என்பதை அப்போதும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டோடு வந்த தகராறு, வீட்டுக்குள் கால் வைக்கப் பாஸ்டரே தயங்கியது, மூன்று நாள் உபவாசம் என்று சுற்றிவந்து, கேட்பவர்கள் நாற்காலி நுனிக்கு வந்த பிறகுதான் எலுமிச்சம்பழமும் அதில் குத்தியிருந்த ஊசியும் வெளியே வரும்.

தேர்ந்த மர்மக் கதைக்காரர் செய்வதை எல்லாம் அந்த அக்கா செய்கிறார். எதை முதலில் சொல்வது, எதை எதுவரை மறைப்பது என்று அவருக்குத் தெரியும். இதையே கதையாக எழுதித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும். “கதையா? இது நடந்தது தம்பி!” தமிழில் கிறிஸ்தவ அமானுஷ்ய மர்ம நாவல் என்று ஒரு வரிசை தழைக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். சரக்குக்குப் பஞ்சமில்லை, எல்லாம் சாட்சியாகவே செலவாகிவிடுகிறது. சாட்சியைச் சந்தேகிப்பது விசுவாசக் குறைவு. நாவல் பிழைப்பதோ சந்தேகத்தில்.

அமெரிக்காவில் இந்த வகைக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டவர் ஃபிராங்க் பெரெட்டி. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அவருடைய ‘திஸ் பிரசென்ட் டார்க்னஸ்’ 1986இல் வெளிவந்தது. ஆஷ்டன் என்ற சின்னக் கல்லூரி ஊர். சிறு சபை ஒன்றின் போதகரும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரும் ஊரில் ஏதோ சரியில்லை என்று தனித்தனியே மோப்பம் பிடிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே தேவதூதர்களும் பிசாசுகளும் வாளோடு மோதிக்கொள்கிறார்கள். வாசகருக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பெரெட்டி வைத்த ஒரு விதிதான் கதையை இழுத்துச் செல்கிறது: கீழே மனிதர் ஜெபித்தால்தான் மேலே தூதர்களுக்குப் பலம். ஜெபம் குறைந்தால் படை பின்வாங்கும். ஆகவே ஒரு கிழவி தூக்கம் வராமல் முழங்காலில் நிற்பதுகூடப் போர்க்களச் செய்தியாகிவிடுகிறது. முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்து பழகிய நம் சபையாருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை.

இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்தப் புத்தகத்துக்கு ஒரு விநோதம் நேர்ந்தது. வாசகர் பலர் அதைக் கைநூலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊரையும் ஓர் அசுத்த ஆவி ஆள்கிறது, வரைபடம் போட்டு அதைக் கண்டுபிடித்து ஜெபத்தில் கட்டவேண்டும் என்ற போதனை 1990களில் பரவியபோது, அதில் பெரெட்டியின் வாடை அடிப்பதாக இறையியல் தெரிந்தவர்களே சொன்னார்கள். நாவலாக எழுதியதே அங்கு சாட்சியாகிவிட்டது. பிறகு 1995இல் டிம் லாஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ பதினாறு பாகம் ஓடியது. பறக்கும் விமானத்தில் பயணிகள் மறைந்துபோய் உடைகள் மட்டும் இருக்கையில் கிடக்கும் தொடக்கம் பிரமாதம். மிச்சத்தைப் பற்றி நான் அவ்வளவு உற்சாகமாகச் சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடித்தது இன்னும் பழைய ஆள். ஜி. கே. செஸ்டர்டனின் பாதர் பிரவுன் கதைகள் 1911இல் முதல் தொகுப்பாக வந்தன. சாபம், மாயாவி, பறக்கும் ஆவி என்று ஊரே நடுங்கும்போது அந்தக் குள்ளப் பாதிரியார் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு, இதைச் செய்தது மனிதன் என்பார். கடவுளை நம்புகிறவர் கண்டதையும் நம்பவேண்டியதில்லை என்பது செஸ்டர்டனின் கட்சி. நம் சபைகளில் இந்தப் பாதிரியாருக்கு மைக் கிடைக்குமா என்பது சந்தேகமே.

தமிழில் விதை இல்லாமல் இல்லை. பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ தந்த கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பன் வழியில் காவியமாக்கி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். வழியில் மறிக்கும் அரக்கன், ஆசைகாட்டும் சந்தை, மரண நதி என்று திகிலுக்குத் தேவையான எல்லாமே அதில் உண்டு. புலவர்கள் போற்றினார்கள்; அந்த வழியில் உரைநடை வளரவில்லை. மக்கள் வாய்க்குப் போனது சாது சுந்தர்சிங்கின் கதை. இமயத்தில் முந்நூறு வயதுக் கிறிஸ்தவ மகரிஷியைச் சந்தித்ததாகச் சொன்னவர் அவர். 1919இல் பர்மா, மலாயா, சீனா, ஜப்பான் என்று சுற்றிப் பேசினார். 1929இல் திபெத்துக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை. இதைவிட நல்ல மர்ம நாவல் முடிவை யார் எழுதிவிட முடியும்? ஆனால் அவரைச் சுற்றி ஐரோப்பாவில் நடந்தது இலக்கிய விவாதம் அல்ல, விசாரணை. ஃபிரீட்ரிக் ஹைலர் ஆதரித்து எழுதினார், ஆஸ்கர் பிஃபிஸ்டர் மறுத்து எழுதினார். நடந்ததா, நடக்கவில்லையா என்ற ஒரே கேள்விதான்.

இந்துப் பக்கத்தில் அந்தக் கேள்வியையே தொழிலாக்கிக் காட்டியவர் 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய ‘விடாது கருப்பு’ சன் டிவியில் ஓடிய காலத்தில், தண்டிப்பது காவல் தெய்வமா மனிதக் கையா என்று வீடுதோறும் சண்டை நடந்தது. கருப்பசாமியைக் கும்பிடுகிறவர்களே அந்தச் சந்தேகத்தை ரசித்தார்கள். யாருடைய பக்தியும் குறைந்துபோகவில்லை.

இப்படிச் சந்தேகத்தில் பிழைக்கும் கிறிஸ்தவ மர்ம நாவலுக்கு ரவாங்கைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தோன்றவில்லை. 1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை நிறுத்தியது இங்கேதான். இந்த நாட்டின் மின்சார வரலாறே இங்கிருந்து தொடங்குகிறது. (கிருஷ்ணபிள்ளையின் காவியம் வந்த அதே வருடம் என்பதை எழுதுகிறவர் யாராவது பயன்படுத்திக்கொள்ளலாம்.) பத்துமலைக் கோயிலோடும் பெயர் சேர்ந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். சுரங்கம் போய் ரப்பர் தோட்டங்கள் பெருகின. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுங்கை சோ பெரோடுவா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். பல தோட்டங்கள் தாமான் என்ற குடியிருப்புகளாகிவிட்டன. தோட்டத் தொழிலாளரின் லயம் இருந்த மண்ணில் எழுந்த வீட்டில் ராத்திரி சத்தம் கேட்டால், மாரியம்மனைக் கும்பிடும் மாமாவும் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சித்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு விளக்கம் சொல்வார்கள்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு கொடுப்பினை. அவர்கள் விவிலியத்தில் தோபித்து நூல் இருக்கிறது. புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இல்லை. சாரா என்ற பெண்ணுக்கு ஏழு கல்யாணம். ஏழு மாப்பிள்ளைகளையும் அஸ்மதேயு என்ற பேய் முதலிரவிலேயே கொன்றுவிடுகிறது. எட்டாவதாக வருகிறான் தோபியா. கூலிக்கு வழித்துணையாக வந்தவர் இரபேல் என்ற வானதூதர் என்று அவனுக்குத் தெரியாது. மாமனார் அன்று ராத்திரியே புதைகுழி வெட்டி வைக்கிறார். மீனின் ஈரலும் இதயமும் தணலில் புகைய, பேய் எகிப்துக்கு ஓடுகிறது. வெட்டிய குழியை, விடிந்து ஊர் பார்ப்பதற்குள் மூடச் சொல்கிறார் மாமனார். அந்தக் குழி மூடும் இடத்துக்காகவே இந்தக் கதையை நான் எத்தனை முறையும் படிப்பேன். பயமும் சிரிப்பும் ஒன்றாக வருகிற இடம்.

நடைமுறையிலும் கத்தோலிக்கச் சட்டம் நாவலாசிரியருக்குச் சாதகம். திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவின்படி ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்யக்கூடாது. 1614இல் வகுத்த சடங்குமுறையை 1999இல் திருத்தியபோது, முதலில் நோயா என்று பார்க்கும் கவனத்தையும் வலியுறுத்தினார்கள். ரவாங் புனித யூதா ஆலயத்துக்கு ஒரு குடும்பம் அழுதுகொண்டு வருகிறது என்று வையுங்கள். பங்குத்தந்தை ஆயருக்குக் கடிதம் எழுதவேண்டும், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லவேண்டும், காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் அந்த நாட்களில்தான் கதை.

பெரெட்டியைக் காப்பியடிப்பதில் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஆஷ்டனில் அவர் பிசாசின் ஏஜெண்டுகளாக வைத்தது தியானம், கீழைத் தத்துவம் என்று பேசுகிறவர்களை. அதை அப்படியே ரவாங்குக்கு இறக்கினால் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வில்லனாகிவிடுவார்கள். சாட்சிகளிலேயே அந்த வழக்கம் உண்டு. செய்வினை வைத்தது எப்போதும் ‘இன்னும் ரட்சிக்கப்படாத’ சொந்தக்காரர்தான். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பும் பெரியம்மாவைப் பற்றி இப்படி எழுதிவிட்டு எந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போவது?

தீமைக்கு இங்கே வேறு விலாசம் நிறைய இருக்கிறது. ஒரு காலைப்பொழுது. கேட்டில் சிவப்புச் சாயம் வடிகிறது, வெளியிலிருந்து புதுச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அம்மா அதை ரத்தம் என்கிறார், செய்வினை என்கிறார், பாஸ்டருக்குப் போன் போடுகிறார். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கிய மகனுக்கு அது என்ன சாயம் என்று தெரியும், வாயைத் திறக்கமாட்டான். பாஸ்டர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிறார். ஜெபத்தின் நடுவே, அந்தக் கடனைப் பற்றி எதுவுமே தெரியாத கடைசித் தங்கை, வேறொருவர் குரலில் தொகையைச் சரியாகச் சொல்கிறாள். மகனுக்கு இப்போது எதற்குப் பயப்படுவது என்று தெரியவில்லை. பாஸ்டருக்கும்தான். பெரியம்மா கையில் நகைப் பையோடு உள்ளே வருகிறார்.