தெருவோடு போனவர்கள்

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரம் நான்கு பட்டாலியன்களைத் திரட்டியது. அலுவலக எழுத்தர்கள் சேர்ந்ததற்கு ‘கமர்ஷியல்ஸ்’ என்று பெயர். கைவினைஞர்களுடையது ‘டிரேட்ஸ்மென்’. விளையாட்டில் பெயர் வாங்கியவர்களுக்கு ‘ஸ்போர்ட்ஸ்மென்’. நான்காவது பட்டாலியனின் பெயர் ‘டி அதர்ஸ்’, அதாவது மிச்சம் மீதி ஆட்கள். ராணுவ எண்ணைவிட இந்தப் பெயர்தான் அவர்களுக்கு உயிர்.

அன்று பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. போர் அமைச்சர் கிச்சனருக்கோ லட்சக்கணக்கில் ஆள் வேண்டும். ஒன்றாகச் சேரும் நண்பர்கள் ஒன்றாகவே போர்முனையில் நிற்பார்கள் என்று ஆகஸ்டில் லிவர்பூலில் டெர்பி பிரபு வாக்குக் கொடுத்தார். கூட்டாளிகள் என்ற பொருளில் ‘பேல்ஸ்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. சுமார் 45,000 பேர் வாழ்ந்த பஞ்சாலை ஊர் அக்ரிங்டன். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, பத்தே நாளில் ஒரு பட்டாலியனை நிரப்பிவிட்டது. லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்ட், பார்ன்ஸ்லி ஆகியவையும் இப்படியே ஆள் திரட்டின. ஹல் உட்பட இந்த ஊர்க்காரர்கள் கூடி உருவானதுதான் 31-வது டிவிஷன். இத்தகைய புதுப்படைகளுக்குக் காக்கித் துணிகூடப் போதவில்லை. நீலச் சீருடையில், மரத் துப்பாக்கிகளோடு பயிற்சி நடந்தது. 31-வது டிவிஷன்காரர்கள் சூயஸ் கால்வாய்க் காவலுக்குச் சில மாதம் போய்விட்டு, 1916 மார்ச்சில் பிரான்ஸ் வந்தார்கள்.

1916 ஜூலை 1. சோம் போர்முனையின் வடகோடியில் செர் என்ற கிராமத்தைப் பிடிப்பது இவர்கள் வேலை. அதற்கு முன் ஏழு நாள், சுமார் 15 லட்சம் பீரங்கிக் குண்டுகள் அந்த முனை முழுவதும் விழுந்திருந்தன. ஆனால் பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. வெடித்தவற்றிலும் பெரும்பகுதி ஈயக் குண்டுமணிகளைச் சிதறடிக்கும் வகை. முள்கம்பியை அறுக்க அது போதாது. மண்ணுக்கடியில் ஆழமாகத் தோண்டிய அறைகளில் ஜெர்மானியர் உயிரோடு காத்திருந்தார்கள். காலை 7:30-க்கு அக்ரிங்டன்காரர்கள் வரிசையாக எழுந்து நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். போன சுமார் 720 பேரில் 584 பேர் இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள்.

இங்கேதான் கணக்கின் கொடூரமான பக்கம் தெரிகிறது. ஓர் ஊரின் ஆயிரம் இளைஞர்களை நூறு பட்டாலியன்களில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிட்டால், சாவுச் செய்தி நான்கு வருடம் தூறலாக விழும். அதே ஆயிரம் பேரை ஒரே பட்டாலியனில் வைத்தால், ஒன்று மழையே இருக்காது, இல்லையென்றால் மேகம் வெடித்துக் கொட்டும். நாடு முழுவதற்குமான சராசரி மாறாது. அது பரவும் விதம்தான் மாறும். சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு அக்ரிங்டன் கண்ணில் படாது.

சிப்பாய் வீடுகளுக்குத் தந்தி வராது. அது அதிகாரிகளின் குடும்பங்களுக்குத்தான். இவர்களுக்குத் தபாலில் வந்தது அச்சடித்த ஒரு படிவம். பெயர், எண், இடம், தேதி இவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விட்டு, பிறகு நிரப்பியிருப்பார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவுகளில் தபால்காரர் அதைக் கொடுத்துக்கொண்டே போகும் காட்சியை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஹல்? அதே டிவிஷன், அதே காலை. ஆனால் அந்த நான்கு பட்டாலியன்களும் பின்வரிசையில் நிறுத்தப்பட்டதால் பெரும்பாலும் தப்பின. நவம்பர் 13 அன்று அதே செர் கிராமத்துக்கு அவர்களை அனுப்பினார்கள். அன்று அடி ஹல்லுக்கு விழுந்தது. மறுவருடம் மே 3-ல், ஆப்பி காட்டில், மீண்டும்.

1916 ஜனவரியிலேயே கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு காலி இடங்களை எந்த ஊர் ஆள் கிடைத்தாலும் வைத்து நிரப்பினார்கள். பெயர் மட்டும் பழையபடி ஹல், அக்ரிங்டன் என்றே இருந்தது. பேச்சுவழக்கு வேறு வேறாகிவிட்டது.

அக்ரிங்டன் தன் செங்கல்லுக்கும் பேர்போனது. இரும்பு மாதிரி கெட்டியான, சிவந்த கல். செர் அருகே, அவர்கள் கிளம்பிய பதுங்குகுழி இன்றும் ஒரு தோப்பின் ஓரத்தில் பள்ளமாகக் கிடக்கிறது. குண்டு விழுந்த குழிகளில் புல் மூடியிருக்கிறது. மரங்களுக்கு நடுவே, பாதி இடிந்ததுபோலக் கட்டிய ஒரு செங்கல் சுவர் அவர்கள் நினைவாக நிற்கிறது. கல் அந்த ஊர்க் கல்.