சென்னை டு மார்க்கையன்கோட்டை 35 நிமிடமா? அந்தக் கணக்கை நம்பி கிளம்பாதீங்க!

தூரம் கணக்கிடும் தளங்களில் எந்த இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டாலும் 'விமான நேரம்' என்று ஒன்று வந்துவிடும். சென்னைக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் இப்படிக் கணக்குப் போட்டால் சுமார் 35 நிமிடம். படிக்க நல்லாத்தான் இருக்கு!

மார்க்கையன்கோட்டை, சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற வழியில் உள்ள பேரூராட்சி. அங்கே மட்டுமல்ல, தேனி மாவட்டத்திலேயே விமான நிலையம் கிடையாது. அப்புறம் எப்படி 35 நிமிடம்?

இரண்டு ஊருக்கும் இடையே மேப்பில் நேர்க்கோடு போட்டால் சுமார் 470 கி.மீ. அதை விமானம் உச்சத்தில் பறக்கும் வேகமான மணிக்கு 800 கி.மீ.யால் வகுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எதுவும் அதில் சேராது. சென்னை - மதுரை நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 420 கி.மீ.தான், விமான அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

நேர்க்கோடு மலையையும் பார்க்காது. போடியிலிருந்து மூணாறு நேராக 33 கி.மீ. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, நிஜக் கணக்கு என்ன? மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம், ஒன்றரை மணி முன்னதாக உள்ளே, பறக்க ஒன்றேகால், மதுரையில் வெளியே வர அரை மணி. பிறகு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக சுமார் 100 கி.மீ. கார் பயணம், இரண்டரை மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய 7 மணி நேரம். சாலை வழியே முழுதாகப் போனால் சுமார் 530 கி.மீ., பத்து மணி நேரத்துக்கு மேல்.

இது எப்போது முக்கியம் தெரியுமா? "தாத்தா தவறிட்டார், மதியம் எடுத்துருவாங்க" என்று ஊரிலிருந்து போன் வரும்போது.

போன் காலை 6 மணிக்கு வந்தால், டிக்கெட் விலை கசந்தாலும் விமானம்தான். கிடைத்தால் மதியம் ஒன்றரை வாக்கில் ஊரில் இருக்கலாம். பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துவிடும். எடுக்கிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி அப்போதே கேட்டுவிடுங்கள். அதுவே போன் இரவு 8 மணிக்கு வந்தால் காலை விமானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கிளாம்பாக்கத்தில் பத்தரைக்கு பஸ் ஏறினால் காலை 9 மணியை ஒட்டி ஊர். முதல் விமானம் பிடித்தவர் வந்துசேர பத்து தாண்டிவிடும்.

ரயில்? அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடிய மதுரை - போடி பாதையில், தேனி வரை ரயில் திரும்ப 2022 மே ஆகிவிட்டது. 2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கே நேரடி இரவு ரயில். ஆனால் தினசரி இல்லை, வாரம் மூன்று நாள் என்றுதான் தொடங்கினார்கள். பொங்கலுக்கு சரி, அவசரத்துக்கு நம்ப முடியாது.

எதில் வந்தாலும், தேனி தாண்டும்போதே ஊருக்கு போன் போட்டு யாரையாவது டூவீலரில் சின்னமனூர் வரச் சொல்லிடுங்க. டவுன் பஸ்ஸுக்கு நின்றால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே போய்விடும்.