அடுப்பில் போடாதீர்கள், சகோதரிகளே!

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நான் சந்திக்கும் தாய்மார் பலர், பிள்ளைகள் தின்று முடித்த சிற்றுண்டிப் பக்கற்றுகளைப் போட்டே அடுப்பு மூட்டுகிறார்கள்.

பளபளக்கும் அந்த உறை, பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒட்டிய படலம். பிரித்தெடுப்பது கடினம் என்பதால் மீள்சுழற்சிக்கு எவரும் வாங்குவதில்லை. எரித்தால் எழும் நச்சுப்புகை முதலில் உங்கள் நெஞ்சிலும், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் நெஞ்சிலுமே இறங்கும். வெளியே வீசினால் வாய்க்கால் அடைபட்டு நுளம்பு பெருகும். மிச்சம் கடலுக்குப் போகும்.

2021இல் ஷாம்பு போன்றவற்றின் சிறு பக்கற்றுகளைத் தடைசெய்த அரசு, உணவுப் பக்கற்றுகளுக்கு விலக்களித்தது. ஆகவே மாற்றம் நம் வீட்டில் தொடங்கட்டும். மாதர் சங்கத்தில் சேர்ந்து கச்சான் வறுத்து, அச்சு மை படாத கடதாசிச் சரைகளில் விற்கலாம். பிள்ளைக்குச் சத்து, வீட்டுக்கு வருமானம், அடுப்படிக்கு நல்ல காற்று.